600 டாலருக்குள் ஒரு துப்பாக்கி

600 டாலர். அதற்கு மேல் ஒரு சென்ட்கூட ஒதுக்க முடியாது என்று நானும் கணவரும் பேசி முடித்து, கடைக் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி அடியில் கோடு போட்டோம். அது 2019 மார்ச். ஹூஸ்டனுக்குத் தென்மேற்கே, ஷுகர் லேண்டைத் தாண்டி ஒரு சிறிய கடை வரிசையில் எங்கள் மளிகைக் கடை. பொன்னி அரிசி, தோசை மாவு, முருங்கைக்காய், வெள்ளிக்கிழமை மட்டும் மல்லிகைச் சரம். இரவு ஒன்பதரைக்குக் கடையைப் பூட்டி, அன்றைய ரொக்கத்தைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு, பாதி விளக்கு எரியாத பார்க்கிங்கைக் கடந்து காருக்குப் போகிறவள் பெரும்பாலும் நான்தான். அவர் பகலில் வேறு வேலைக்குப் போய்விட்டு, இரவில் மகளோடு வீட்டில் இருப்பார்.

அந்த மாதம் எங்கள் வரிசையிலேயே கடை வைத்திருந்த ஒருவரை, பூட்டிவிட்டுத் திரும்பும்போது இரண்டு பேர் மடக்கினார்கள். அவர் மறுபேச்சில்லாமல் பணத்தைக் கொடுத்துவிட்டார். வாங்கி வைத்துக்கொண்டு அதன் பிறகு அடித்தார்கள். தாடை உடைந்து, வாயைக் கம்பியால் கட்டி, வாரக்கணக்கில் உறிஞ்சு குழாயில் கஞ்சி குடித்தார் அந்த மனிதர். பணம் போனால் போகட்டும், ஆளை விட்டுவிடுவார்கள் என்ற நம்பிக்கையில்தான் நான் அந்தப் பார்க்கிங்கை இத்தனை நாளும் கடந்துகொண்டிருந்தேன்.

கோவில்பட்டியில் வளர்ந்தவளுக்குத் துப்பாக்கி என்றால் வங்கி வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருக்கும் வாட்ச்மேனின் இரட்டைக்குழல்தான். அதைத் தவிர வேறொன்றை நான் கிட்டத்தில் பார்த்ததில்லை. அமெரிக்கா வந்த பிறகும் பல வருடங்கள் அந்தப் பக்கம் யோசிக்கவே வழியில்லை. வேலை விசாவில் இருக்கிறவர்கள், வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் இல்லாமல், துப்பாக்கியை வைத்திருப்பதே இங்கே மத்திய அரசின் சட்டப்படி குற்றம். கிரீன் கார்டு வந்த பிறகுதான் அந்தக் கதவு திறக்கிறது. நம் ஆட்களில் பலருக்கு இது தெரியாது. பக்கத்து வீட்டு நண்பர் கொடுத்தார் என்று எச்1பி விசாவில் இருக்கிற பையன் ஒருவன் ஒன்றை வீட்டுக்குக் கொண்டுவந்து வைத்தால், அவன் குடியேற்ற வாழ்க்கையே அதோடு முடிந்துவிடும். அதனால்தான் யார் என்னிடம் இதைப் பற்றிக் கேட்டாலும் முதலில் விசாவைக் கேட்கிறேன்.

முதலில் போன கடையில், கண்ணாடி மேசைக்குப் பின்னால் நின்ற இளைஞர் நல்லவர், மரியாதையானவர். என்னை ஏற இறங்கப் பார்த்தார். ஐந்தடி உயரம், சின்னக் கை. உடனே மூன்று சின்னத் துப்பாக்கிகளை எடுத்து வெல்வெட் விரிப்பில் வைத்தார். ஒன்றின் பிடி இளஞ்சிவப்பு. பெண்கள் எல்லோரும் இதைத்தான் விரும்பி வாங்குகிறார்கள், கைப்பைக்குள் அடங்கிவிடும் என்றார். அவற்றில் ரூகர் எல்சிபி 300 கிராம்கூட இல்லை, உள்ளங்கைக்குள் மறைந்துவிடும். ஸ்மித் அண்ட் வெஸன் 642 ரிவால்வர் ஐந்து தோட்டா போடுவது. சுத்தியல் உடம்புக்குள்ளேயே இருப்பதால் துணியில் மாட்டாது. பார்க்க இரண்டும் எனக்காகவே செய்தது போலத்தான் இருந்தன. 250 டாலர் ஒன்று, 400-ஐத் தாண்டி இன்னொன்று.

வாங்காமல் திரும்பியதற்குக் காரணம், எங்கள் கடைக்குப் புளியும் மிளகும் வாங்க வரும் ஒரு வெள்ளைக்கார அம்மா. ஷெரிஃப் அலுவலகத்தில் பல காலம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இப்போது சுடக் கற்றுக்கொடுக்கிறார். விஷயத்தைச் சொன்னதும் மிளகுப் பொட்டலத்தைக் கீழே வைத்துவிட்டு, "சுட்டுப் பார்க்காமல் ஒரு காசு கொடுக்காதே, ஹனி" என்றார். அடுத்த ஞாயிறு ஒரு சுடுதளத்துக்கு வரச் சொன்னார். அங்கே துப்பாக்கிகள் வாடகைக்குக் கிடைக்கும். பத்துப் பதினைந்து டாலர் கட்டி, தோட்டாவை அவர்களிடமே வாங்கிக்கொண்டால், ஒன்றை மாற்றி ஒன்றைச் சுட்டுப் பார்க்கலாம்.

ஞாயிறு போனேன். துப்பாக்கியை எடுப்பதற்கு முன்னால் அவர் என்னை வெளியே பெஞ்சில் உட்காரவைத்து ஒரு கேள்வி கேட்டார். "உன் வீட்டில் இப்போது யாராவது மனம் ஒடிந்து இருக்கிறார்களா? நீயோ, உன் கணவரோ? ஆம் என்றால் இன்று திரும்பிப் போய்விடு. அது தெளிந்த பிறகு வா." இந்த நாட்டில் துப்பாக்கியால் சாகிறவர்களில் பாதிக்கு மேல் தற்கொலைதான் என்பதை அவர்தான் எனக்குச் சொன்னார். அதுவரை என் கற்பனையில் ஆபத்து எப்போதும் பார்க்கிங்கின் இருட்டில்தான் நின்றுகொண்டிருந்தது. அன்றிரவு கணவரிடம் இதைக் கேட்டேன். மாமனார் காலமான வருடத்தில் அவர் இருந்த இருப்பு எனக்குத் தெரியும். வெகுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, "இப்ப நல்லாத்தான் இருக்கேன். ஆனா மறுபடி அப்படி வந்துச்சுன்னா உங்கிட்டச் சொல்லுவேன். அன்னைக்கே அத வீட்டவிட்டு வெளிய கொண்டுபோயிரு" என்றார். துப்பாக்கி வாங்கும் எந்தத் தம்பதியும் இந்தப் பேச்சைப் பேசாமல் கடைக்குப் போகக்கூடாது என்பேன்.

சுடுதளத்தில் முதலில் கையில் எடுத்தது எனக்குப் பிடித்திருந்த அந்தக் குட்டி எல்சிபி. சுட்டதும் கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் உள்ள சதையில் ஓங்கிக் குத்தியது. பிடி குட்டையானதால் சுண்டுவிரலுக்கு இடமே இல்லை. ஒவ்வொரு வெடிக்கும் துப்பாக்கி கைக்குள் திரும்பிக்கொண்டது. ஏழு கெஜத் தூரத்தில் தொங்கிய காகித உருவத்தில் என் தோட்டாக்கள் தோளுக்கு மேலே ஒன்று, இடுப்புக்கு வெளியே ஒன்று என்று சிதறின. அடுத்து ரிவால்வர். விசையை இழுக்கப் பன்னிரண்டு பவுண்டு அளவுக்குப் பலம் வேண்டும். காலி ரிவால்வரின் எடையோ ஒரு பவுண்டுகூட இல்லை. விசையை இழுத்து முடிப்பதற்குள் குழல் முனை குறியைவிட்டு எங்கோ போய்விடும். ஐந்து தோட்டா சுட்டு முடித்தபோது என் கை நடுங்கியது. ஆறாவதைச் சுட எனக்கே விருப்பமில்லை.

பிறகு அந்த அம்மா தன் பையிலிருந்து ஒரு பெரிய 9 மி.மீ. க்ளாக் 19-ஐ எடுத்துக் கொடுத்தார். எனக்கு இது தாங்காது என்று நினைத்தபடியே சுட்டேன். அந்தக் குட்டிகளைவிட மென்மையாக இருந்தது. தோட்டாக்கள் எல்லாம் நெஞ்சுப் பகுதியிலேயே விழுந்தன. இதில் மாயம் ஒன்றுமில்லை. வெடியின் உதையைத் துப்பாக்கியின் எடை வாங்கிக்கொள்கிறது. எடை இல்லையென்றால் அதைக் கை வாங்க வேண்டும். நீண்ட பிடி மூன்று விரலுக்கும் இடம் தருகிறது. பின்குறிக்கும் முன்குறிக்கும் இடைவெளி கூடக் கூட, குறி பார்ப்பதில் வரும் சின்னப் பிசகு இலக்கில் பெரிதாகத் தெரியாது. மிகச் சிறிய துப்பாக்கி பல காலம் சுட்டுப் பழகியவரின் கருவி. அதைத்தான் நாடெங்கும் கடைகளில், முதன்முதலாக வாங்க வரும் பெண்ணின் கையில் கொடுக்கிறார்கள். எனக்கு இதில் இன்றுவரை கோபம் உண்டு. அந்தப் பெண் ஒரு முறை சுட்டுப் பார்த்துப் பயந்து, பிறகு பழகவே போகாமல் அதைப் பையில் போட்டுக்கொண்டு திரிவாள். சுடத் தெரியாதவளிடம் இருக்கும் துப்பாக்கி அவளுக்கும் சுற்றி இருப்பவர்களுக்கும் ஆபத்துதான்.

துப்பாக்கியின் மேல்பகுதியான ஸ்லைடைப் பின்னுக்கு இழுக்க எனக்குப் பலம் போதவில்லை என்றுதான் நினைத்திருந்தேன். அதற்கும் அந்த அம்மா வழி வைத்திருந்தார். இரண்டு விரலால் கிள்ளி இழுக்காதே என்றார். துப்பாக்கியை நெஞ்சுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து, குழலை இலக்குப் பக்கமே வைத்துக்கொண்டு, இடது உள்ளங்கையை முழுவதுமாக ஸ்லைடின் மேல் கவிழ்த்து இறுகப் பிடிக்க வேண்டும். பிறகு இடது கையை அசைக்காமல், வலது கையால் பிடியை முன்னே தள்ள வேண்டும். இறுகிய ஊறுகாய் ஜாடியின் மூடியைப் பிடித்துக்கொண்டு ஜாடியைத் திருகித் திறக்கிறோமே, அந்த உத்திதான். முதல் முயற்சியிலேயே வந்தது.

க்ளாக் 19 புதிதாக 500 டாலருக்கு மேல். எங்கள் 600-இல் அது முக்கால்வாசிக்கு மேல் தின்றுவிடும். அந்த அம்மா கணக்கு நோட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, துப்பாக்கிக்கு 300-க்கு மேல் போகாதே, மீதி எல்லாம் மற்றதற்கு வேண்டும் என்றார். அந்த மற்றது என்னென்ன என்று எனக்கு அப்போது பாதிதான் புரிந்தது.

300 டாலருக்குள் என்ன கிடைக்கும் என்று தேடியதில் நான் கற்றது நிறைய. அடித்தட்டில் 200-க்கும் குறைவாக ஹை-பாயின்ட் இருந்தது. அதன் ஸ்லைடின் கனத்தால் காலியாகவே 800 கிராமைத் தாண்டும். இடுப்பில் மறைக்கிற வேலைக்கு ஆகாது. பிரேசிலின் டாரஸ் கம்பெனியுடைய ஜி2சி 200 டாலரை ஒட்டிக் கிடைத்தது. பன்னிரண்டு தோட்டா கொள்ளும். பிடி நன்றாக இருந்தது. விசையின் இழுப்பு நீளம் என் விரலுக்குத்தான் ஒத்துவரவில்லை. எனக்கு ஒத்துவந்திருந்தால் அதையே வாங்கியிருப்பேன், அந்த விலைக்கு அது நியாயமான பொருள்.

இன்னொரு அடுக்கில் போலீஸ் கைமாற்றிய பழைய துப்பாக்கிகள் வரிசையாக இருந்தன. பெரும்பாலும் .40 அளவுத் தோட்டா போடுபவை. அவற்றின் பின்னால் ஒரு கதை உண்டு. 1986 ஏப்ரலில் மயாமியில் வங்கிக் கொள்ளையர் இருவரோடு நடந்த சண்டையில் எஃப்.பி.ஐ. ஆட்கள் இரண்டு பேர் செத்தார்கள். ஆரம்பத்திலேயே கொள்ளையனின் உடம்பில் ஏறிய ஒரு 9 மி.மீ. தோட்டா இதயத்தை எட்டாமல் நின்றுவிட்டது. அதன் பிறகு இன்னும் வலுவான தோட்டாவைத் தேடியதில்தான் 1990-இல் .40 பிறந்தது, நாடு முழுக்கப் போலீஸார் அதற்கு மாறினார்கள். கால் நூற்றாண்டு கழித்து, 9 மி.மீ. தோட்டாவே நன்றாக மேம்பட்டுவிட்டது, உதையும் குறைவு, ஆட்கள் இன்னும் துல்லியமாகச் சுடுகிறார்கள் என்று எஃப்.பி.ஐ. திரும்பி வந்தது. போலீஸாரும் திரும்பினார்கள். கழித்துக் கட்டிய .40 துப்பாக்கிகள் அடிமாட்டு விலையில் கடைகளில் குவிந்தன. விலை இழுத்தது உண்மை. ஆனால் .40-இன் உதை கடுமை. தோட்டா விலையும் கூட. துப்பாக்கியில் மிச்சம் பிடித்த பணத்தைத் தோட்டாவில் விட வேண்டிவரும். எஃப்.பி.ஐ. ஆட்களுக்கே 9 மி.மீ. போதும் என்றால் பலசரக்குக் கடைக்காரிக்குப் போதாதா?

கடைசியில் வாங்கியது ஸ்மித் அண்ட் வெஸன் எம்&பி ஷீல்டு, 9 மி.மீ., பழையது, 280 டாலர். 2012-இல் வந்த மாடல். ஓர் அங்குலத்துக்கும் குறைவான தடிமன். அரைக் கிலோவைக் கொஞ்சம் தாண்டிய எடை. ஏழு தோட்டா மேகசின் ஒன்று, எட்டுத் தோட்டாவுக்கான நீண்ட மேகசின் ஒன்று. நீண்டதைச் செருகினால் என் சுண்டுவிரலுக்கும் இடம் கிடைத்தது. எல்சிபி அளவு ஒளியாது, க்ளாக் அளவு மென்மையும் இல்லை. ஆனால் நான் ஒரு முழுப் பெட்டி சுட்ட பிறகும் இன்னொரு பெட்டி சுட ஆசைப்பட்டது இதில்தான். என் அளவுகோல் அதுதான்.

பழையது வாங்கப் பயப்படத் தேவையில்லை, பார்க்கத் தெரிந்தால் போதும். அந்த அம்மா கடைக்காரரின் அனுமதியோடு அதைக் கழற்றினார். முதலில் மேகசினை உருவி, ஸ்லைடை இழுத்து, தோட்டா உட்காரும் சேம்பரைக் கண்ணால் பார்த்து, பிறகு சுண்டுவிரலை விட்டுத் தடவியும் பார்த்தார். குழலுக்குள் கைவிளக்கை அடித்து வரிப்பள்ளங்கள் பளபளவென்று இருக்கின்றனவா, குழி விழுந்திருக்கிறதா என்று காட்டினார். ஸ்லைடு ஓடும் தண்டவாளங்களில் தேய்மானம் சீராக இருந்தது. வெளிப்பூச்சு மட்டும் முனையில் உரிந்து வெள்ளையாகத் தெரிந்தது. அது உறையில் உரசிய அடையாளம், நிறையச் சுமந்து கொஞ்சமாகச் சுட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். சுருள்வில் மட்டும் புதிதாகப் போட்டுக்கொள், இருபது டாலருக்குள் முடிந்துவிடும் என்றார்.

பிறகு 4473 என்ற படிவம். முதல் கேள்வியே, இதை உண்மையில் வாங்குகிறவர் நீங்கள்தானா என்பது. தடை உள்ள இன்னொருவருக்காகத் தன் பெயரில் வாங்கிக் கொடுப்பது இங்கே பெருங்குற்றம். வழக்கு உண்டா, போதைப் பழக்கம் உண்டா, குடும்ப வன்முறையில் தண்டனை உண்டா என்று வரிசையாகப் போகும். குடியுரிமை இல்லாதவர் கிரீன் கார்டு எண்ணையும் எழுத வேண்டும். கடைக்காரர் எஃப்.பி.ஐ.யின் சோதனைப் பிரிவோடு தொடர்புகொள்வார். 1998-இலிருந்து இந்த முறைதான். பெரும்பாலானவர்களுக்குச் சில நிமிடங்களில் சரி என்று பதில் வந்துவிடும். எனக்குத் தாமதம் என்று வந்தது. வெளிநாட்டுக் குடிமக்களுக்குக் குடியேற்றப் பதிவுகளையும் ஒப்பிட வேண்டியிருப்பதால் அப்படி வருவது சகஜம். வேலை நாள் கணக்கில் காத்திருந்து, பிறகு போய் எடுத்து வந்தேன்.

மீதி 320 எங்கே போனது என்றால், முதலில் உறைக்கு. துப்பாக்கியைவிட நான் அதிகம் அலைந்தது உறைக்குத்தான். கைடெக்ஸ் என்கிற கெட்டியான பிளாஸ்டிக்கில், அந்தந்த மாடலின் அச்சுக்கே வார்த்த உறையாக இருக்க வேண்டும். விசையைச் சுற்றிய வளையம் முழுவதும் மூடியிருக்க வேண்டும். வயிற்றைச் சுற்றிக் கட்டும் எலாஸ்டிக் பட்டைகள் மலிவாகக் கிடைக்கும், பெண்களிடம் அவற்றைத்தான் தள்ளிவிடுவார்கள். வெறும் துணிக்குப் பின்னால் விசை இருப்பதை நான் ஒப்பமாட்டேன். உறை 45 டாலர். அதைத் தாங்க விறைப்பான பெல்ட் 35.

கைப்பையில் வைத்தால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. 2014 டிசம்பர் 30 அன்று ஐடஹோ மாநிலத்தின் ஹேடன் ஊரில், ஒரு பேரங்காடியில் தள்ளுவண்டியில் உட்கார்ந்திருந்த இரண்டு வயதுக் குழந்தை அம்மாவின் கைப்பைக்குள் இருந்த துப்பாக்கியை எடுத்துவிட்டது. அது வெடித்து அந்தத் தாய் அங்கேயே இறந்துபோனாள். துப்பாக்கி வைப்பதற்கென்றே ஜிப் வைத்துத் தைத்த பை அது. அந்தச் செய்தியைப் படித்த பிறகு எனக்கு அந்தப் பேச்சே பிடிக்காது. தவிர, திருடன் முதலில் பறிப்பதும் பையைத்தான்.

ஆக, இடுப்பில்தான். நான் கடையில் உடுத்துவது குர்த்தாவும் லெக்கிங்ஸும். லெக்கிங்ஸில் பெல்ட் நிற்காது, ஜீன்ஸுக்கு மாறினேன். வலது பின்னிடுப்பில் வைத்துப் பார்த்தால், இருபது பவுண்டு அரிசிப் பையைக் குனிந்து தூக்கும்போதெல்லாம் பிடி துணியைத் தூக்கிக்கொண்டு முட்டியது. ஆண்களைவிடப் பெண்களுக்கு இடுப்பு அகலம், மேலுடம்பு குட்டை. அங்கே வைத்தால் பிடி விலாவில் குத்தும். முன்பக்கம், தொப்புளுக்குச் சற்று வலப்புறம் நன்றாக அமர்ந்தது. ஆனால் அங்கே குழல் முனை தொடையைப் பார்க்கும். ஆகவே உறைக்குள் திரும்ப வைக்கும்போது அவசரமே கூடாது. துணியை இடது கையால் நெஞ்சுவரை தூக்கி, உறையின் வாயைக் கண்ணால் பார்த்து, விரலை விசைக்கு வெளியே நீட்டி, மெல்ல இறக்க வேண்டும்.

அடுத்த சிக்கல் குர்த்தாவின் நீளம். மறைப்பதற்கு முழங்கால்வரை தொங்கும் குர்த்தாவைப் போல் உதவுவது வேறில்லை. எடுப்பதற்கு அதைவிடத் தொல்லையும் இல்லை. முன்பாகத்தை முழுவதும் சுருட்டித் தூக்குவதற்குள் துணி முட்டியில் சிக்கிவிடும். வீட்டில் காலித் துப்பாக்கியோடு பழகியபோது இது தெரிந்தது. பிறகு கடைக்குப் போடும் குர்த்தாக்களை எல்லாம் தையல் மெஷினில் போட்டு இடுப்புக்குக் கீழே ஒரு சாண் அளவுக்கு வெட்டித் தைத்தேன். பக்கவாட்டுப் பிளவுகளை மூடிவிட்டேன். விளிம்பில் சற்றுக் கனமான பட்டி கொடுத்ததால் காற்றிலும் தூக்காது. இந்த ஊர்ப் பெண்களுக்குக் கற்றுக்கொடுக்கும் புத்தகங்களில் குர்த்தாவுக்கு அத்தியாயம் இல்லை.

வீட்டில் அப்போது எட்டு வயது மகள். உரிமம் பெற்ற கடையில் கைத்துப்பாக்கி வாங்கினால் பூட்டும் சேர்த்துத்தான் தருவார்கள். 2005 சட்டம் அது. அந்தக் கம்பிப் பூட்டோடு, எண் அழுத்தித் திறக்கும் இரும்புப் பெட்டி ஒன்றையும் 50 டாலருக்கு வாங்கி அலமாரிச் சட்டத்தோடு போல்ட் போட்டு இறுக்கினோம். பதினேழு வயதுக்குள்ளான பிள்ளையின் கைக்கு, உடனே சுடக்கூடிய நிலையில் துப்பாக்கி எட்டுமாறு வைப்பது டெக்சஸில் குற்றம். அதைவிட, மகளிடம் மறைக்கக்கூடாது என்பதில் நான் உறுதியாக இருந்தேன். அவளைக் கூப்பிட்டுப் பெட்டியைக் காட்டினேன். தோழிகள் வீட்டில் துப்பாக்கியைப் பார்த்தால் தொடாதே, அங்கே நிற்காதே, பெரியவர்களிடம் சொல் என்றேன். இப்போதும் திடீர் திடீரென்று கேட்பேன், ஒப்பிப்பாள்.

அம்மாவிடமும் வீடியோ அழைப்பில் சொல்லிவிட்டேன். "எதுக்குத் தாயி உனக்கு இந்தப் பாடு? கடைய மூடிட்டு ஊருக்கு வந்திரு" என்று அழுதாள். அவளுக்கு நான் சொன்ன சமாதானம் எதுவும் எடுபடவில்லை. அவள் கவலையில் நியாயம் இல்லை என்று என்னால் சொல்லவும் முடியாது.

அந்த வருடம் டெக்சஸில் கைத்துப்பாக்கியை மறைத்துச் சுமக்க உரிமம் கட்டாயம். மாநிலக் கட்டணம் 40 டாலர், வகுப்புக்கு 60. பாடத்தில் நான்கு பகுதி: ஆயுதச் சட்டமும் உயிர்போக்கும் பலத்தைப் பயன்படுத்துவதும், கையாளும் முறை, சண்டையைப் பேச்சிலேயே தணிப்பது, குழந்தைகள் கைக்கு எட்டாமல் வைப்பது. பிறகு மூன்று, ஏழு, பதினைந்து கெஜத் தூரங்களில் 50 தோட்டா. 250-க்கு 175 எடுத்தால் தேர்ச்சி. மூன்று கெஜம் என்பது எங்கள் கடையில் கல்லாவுக்கும் அரிசி அடுக்குக்கும் உள்ள தூரம். அந்தத் தூரத்தில் சுடுவதற்கே இருபது தோட்டாவை ஒதுக்கியிருக்கிறார்கள் என்றபோது, ஆபத்து எவ்வளவு பக்கத்தில் வரும் என்று உடம்புக்கே புரிந்தது.

எங்கே கொண்டுபோகக்கூடாது என்பது தனிப் பாடம். பள்ளிக்கூடம், தபால் நிலையம், வருமானத்தில் 51 சதவீதம் மதுவிலிருந்து வருகிற மதுக்கூடம். அதற்குச் சிவப்பில் 51 என்று பலகை இருக்கும். கடை வாசலில் 30.06 என்ற பலகை, ஓர் அங்குலத்துக்குக் குறையாத எழுத்தில் ஆங்கிலத்திலும் ஸ்பானிஷிலும் தொங்கினால், மறைத்த துப்பாக்கியோடு உள்ளே போகக்கூடாது. பார்சல் அனுப்பும் நாட்களிலும், பியர்லேண்ட் மீனாட்சி கோயிலுக்குப் போகும் நாட்களிலும் அது வீட்டுப் பெட்டியிலேயே இருக்கும்.

வகுப்பில் என்னை அதிகம் உலுக்கியது வேறொன்று. பொருளைக் காக்கவும், இரவு நேரத் திருட்டைத் தடுக்கவும்கூட, சில நிபந்தனைகளோடு டெக்சஸ் சட்டம் சுட அனுமதிக்கிறது. வகுப்பில் பாதிப் பேர் தலையாட்டினார்கள். என்னால் ஏற்க முடியவில்லை. அன்றைய வசூல் சில நூறு டாலர். ஒருவனின் உயிருக்கு அது விலையா? அன்று இரவே நானும் அவரும் முடிவு செய்தோம். "ஏம்மா, பையத் தூக்கி ஒரு பக்கம் எறிஞ்சிட்டு நீ மறுபக்கம் ஓடிரணும். என்ன?" என்றார். ஆமாம் என்றேன். பணத்துக்காக அது உறையைவிட்டு வெளியே வரக்கூடாது. பணத்தை எடுத்த பிறகும் என்னை விடாமல் வந்தால், ஓட வழியில்லாமல் போனால், அப்போது மட்டும். ரொக்கத்தைத் தினமும் வீட்டுக்குக் கொண்டுபோகும் வழக்கத்தையும் நிறுத்தி, பகலிலேயே வங்கியில் கட்டத் தொடங்கினோம். பார்க்கிங் விளக்கை மாற்றச் சொல்லிக் கட்டட உரிமையாளருக்குக் கடிதத்துக்கு மேல் கடிதம் எழுதி மாற்றவைத்தேன். துப்பாக்கியைவிட இவை இரண்டும்தான் அந்தக் கடைவரிசையைப் பத்திரமாக்கின என்று நினைக்கிறேன்.

கணக்கு நோட்டில் கடைசியாக மிஞ்சியது தோட்டாவுக்கு. பழகுவதற்கான சாதாரண 9 மி.மீ. அப்போது ஐம்பது கொண்ட பெட்டி பத்து டாலர் பக்கம், ரிவால்வரின் .38 அதைப்போல் இரண்டு மடங்கை நெருங்கும். சுமப்பதற்கு முனை குழிந்த தோட்டா வேறு. உடம்பில் பட்டதும் விரிந்து உள்ளேயே நிற்பதற்காகச் செய்தது. பின்னால் நிற்கும் யாருக்கும் அது போய்ச் சேரக்கூடாது. இருபது தோட்டாவுக்கே இருபது டாலருக்கு மேல். வலித்தாலும் அதில் ஒரு பெட்டியைச் சுட்டு, இந்தத் துப்பாக்கியில் சிக்காமல் ஓடுகிறதா என்று பார்த்த பிறகுதான் நம்பினேன்.

2020-இல் கொரோனா வந்ததும் தோட்டா அடுக்குகள் காலியாயின. பத்து டாலர் பெட்டி முப்பதைத் தாண்டியது, அதுவும் கிடைத்தால்தான். அப்போது கைகொடுத்தது வெறும் பயிற்சி. தோட்டாவை எல்லாம் இன்னொரு அறையில் பூட்டிவிட்டு, சேம்பரை இரண்டு முறை பார்த்து, பின்னால் செங்கல் சுவர் உள்ள பக்கம் திரும்பி, முன்குறியின் மேல் ஒரு நாணயத்தை வைத்து விசையை இழுப்பேன். நாணயம் விழாமல் சொடுக்க வேண்டும். காசில்லாத பயிற்சி இது. ஒவ்வொரு முறையும் அந்த அம்மா சொல்லிக்கொடுத்த நான்கையும் வாய்விட்டுச் சொல்வேன்: எல்லாத் துப்பாக்கியும் நிரம்பியதே, அழிக்க விரும்பாத எதன் மேலும் குழலைத் திருப்பாதே, குறி இலக்கில் அமரும்வரை விரலை விசையில் வைக்காதே, இலக்கையும் அதன் பின்னால் இருப்பதையும் அறிந்துகொள். ஜெஃப் கூப்பர் என்ற முன்னாள் ராணுவக்காரர் பரப்பிய விதிகள் இவை. ஒன்றை மறந்தாலும் மற்ற மூன்று காப்பாற்றும்படி அமைந்தவை.

2021 செப்டம்பர் 1 முதல் டெக்சஸில் உரிமமே இல்லாமல் சுமக்கலாம் என்று சட்டம் வந்தது. 21 வயதாகி, தடை எதுவும் இல்லாதவர் வகுப்புக்குப் போகத் தேவையில்லை என்றது அது. என் 100 டாலரை நான் வீண் என்று நினைக்கவில்லை. மகளுக்கு வயது வந்து அவளுக்கும் விருப்பம் இருந்தால், அந்த வகுப்பில் உட்காரவைத்த பிறகுதான் பேச்சே.

போன வருடம் கடைக்கு வரும் ஒரு பெண், மருத்துவமனையில் இரவு வேலை பார்ப்பவள், "அக்கா, நானூறு டாலர்தான் இருக்கு. எது வாங்கலாம்?" என்று கேட்டாள். அவள் மனதிலும் அந்தக் குட்டிதான். விசாவைக் கேட்டேன், குடியுரிமை வாங்கிவிட்டவள். வீட்டில் எல்லோரும் எப்படி இருக்கிறார்கள் என்று கேட்டேன். பிறகு ஞாயிறு அதே சுடுதளத்துக்குக் கூட்டிப்போய், எனக்குக் காட்டிய வரிசையிலேயே அவளுக்கும் காட்டினேன். நன்றாகவே சுட்டாள். திரும்பும் வழியில் காரில் நெடுநேரம் யோசித்துவிட்டு, வேலை இடத்துக்குள் கொண்டுபோக விடமாட்டார்கள், தினமும் காரிலேயே விட்டுவிட்டுப் போனால் களவுபோகும், வீட்டில் இரண்டு வயதுப் பையன் எல்லாவற்றையும் இழுக்கிறான், இப்போது வேண்டாம் அக்கா என்றாள். நல்ல முடிவு என்றேன். நானூறில் முப்பதுக்கு மிளகு ஸ்பிரேயும் பிரகாசமான ஒரு கைவிளக்கும் வாங்கினாள். வேலை முடிந்து போகும்போது காவலாளியைக் கார்வரை கூட வரச்சொல்லிக் கேட்கத் தொடங்கியிருக்கிறாள், அவரும் வருகிறாராம்.